ஏழு கோழிகளிடம் சிபாரிசு

நீங்கள் எப்போதாவது ஒரு சேவலுக்காக ஏழு பெட்டைக் கோழிகளிடம் சிபாரிசு பேசியிருக்கிறீர்களா?

நான் பேசியிருக்கிறேன். எட்டு வயதில், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, தரையில் குந்திக்கொண்டு, உள்ளங்கையில் கேழ்வரகை வைத்துக்கொண்டு. இன்றைக்குப் பெங்களூர் காலேஜில் லாஜிக் பேப்பரில் நான்தான் முதல் மார்க். புரொபசர் அதற்குத் தன் பாடம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும், பாவம். கோழிகளிடம் தோற்றுத் தோற்று வந்த வாதம் இது.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு முதலில் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸ் பக்கம், சுரங்கக் கூலிக்காரர்கள் லைன். மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய வீடுகள், வரிசை வரிசையாக. கூப்பிடு தூரத்தில் மில். கீழேயிருந்து வருகிற கல்லை அங்கே இரும்பு உலக்கைகள் இடித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி பகல் கிடையாது, தீபாவளி பொங்கல் கிடையாது. வட ஆற்காட்டிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்கள் மூன்று நாள் காதைப் பொத்திக்கொண்டு திரிவார்கள். நாலாம் நாள் கையை எடுத்துவிட்டுக் கத்திப் பேச ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் அவர்களும் எங்கள் ஊர்தான். நான் ஹாஸ்டலில் உப்புக் கேட்டால்கூட எதிரில் இருப்பவன் நான் சண்டைக்கு வருவதாக நினைத்துப் பெஞ்சை விட்டு எழுந்துவிடுகிறான்.

அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்காது. நின்றால்தான் கேட்கும். நின்றால் லைனில் ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குள் இருக்கமாட்டாள். மில் நின்றால் கீழே யாருக்கோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் அவர்கள் வைத்திருந்தார்கள். சுத்தத் தப்பு. மில் வேறு, ஆட்கள் கீழே இறங்குகிற ஷாப்ட் வேறு. பெல்ட் அறுந்தால் மில் நிற்கும், தண்ணீர் இல்லாவிட்டால் நிற்கும். கீழே என்ன நடந்தாலும் அது பாட்டுக்கு இடிக்கும். ஆனால் இதைச் சொல்லி அவர்களிடம் யாரும் ஜெயித்ததில்லை. என்னைப் பெற்றவர் கீழே பாறை இறங்கி இறந்த அன்றைக்கு மில் நின்றிருந்தது. தண்ணீர் வராததால் நின்றதாம். யார் கேட்டார்கள் அந்தக் காரணத்தை?

அவர் போய் ஒரு வருஷம் ஆன சமயத்தில் நடந்தது இது. பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆம்பிளைகளுக்குக் களி கிண்டிப் போட்டு அம்மா குடும்பத்தை ஓட்டினாள். குடும்பம் என்றால் நானும் ஏழு கோழிகளும். பக்கத்து வீட்டில் அத்தை, என்னைப் பெற்றவரின் கூடப் பிறந்தவள். வாய் அகலம். அவள் வீட்டில் பேசினால் மூன்றாவது வரிசையில் பதில் வரும்.

கோழிகளுக்குத் தலைவி கருப்பி. உடம்பெல்லாம் கறுப்பு, ஒரு கால் விரல் பாதிதான். எந்தக் கோழி முதலில் தண்ணீர் குடிக்கலாம், எது எங்கே மண்ணில் புரளலாம் என்பதெல்லாம் அவள் உத்தரவு. பழைய சேவலை மார்கழியில் நரி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் கருப்பிதான் எல்லாம்.

சேவல் இல்லை என்பது தெரியாமல் செம்பட்டைக் கோழி பன்னிரண்டு முட்டை மேல் அடை உட்கார்ந்தது. இருபத்தோரு நாள் ஆயிற்று. இருபத்தைந்தும் ஆயிற்று. எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. கடைசியில் அம்மா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு முட்டையை உடைத்தாள். லைனே மூக்கைப் பிடித்தது. பன்னிரண்டும் கூமுட்டை.

"சாவல் இல்லாத முட்டை மேல குந்திகினு இருந்தா குஞ்சா வரும்? நாத்தந்தான் வரும்" என்றாள் அத்தை, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"அதுக்கு யார் போய் சொல்றது?" என்றாள் அம்மா.

"அதுக்கு மட்டுமா சொல்லணும்?"

அம்மா முட்டை ஓடுகளை வாரிக்கொண்டு போனாள். அத்தை சொன்னது ஏதோ வேடிக்கை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. சேர்ந்து சிரித்தேன்.

சேவலைக் கொண்டுவந்தவர் டிம்பர்காரர். சுரங்கத்துக்குள் பாறை இறங்காமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அவருக்கு, அதனால் அந்தப் பெயர். என்னைப் பெற்றவரோடு கீழே ஒரே லெவலில், ஒரே ஆழத்தில், வேலை செய்தவர், அவர் உடம்பை மேலே தூக்கிவந்த நாலு பேரில் ஒருவர். தினம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் எங்கள் வீட்டுக் களிக்கு வருகிற கூட்டத்தில் அவரும் உண்டு, ஊரில் பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர் அவர் ஒருவர்தான். அத்தை சொல்லியனுப்பியதன் பேரில், குடியாத்தம் பக்கத்தில் தன் கிராமத்துக்குப் போனவர், மாரிகுப்பம் ரயிலில் கக்கத்தில் சேவலோடு வந்து இறங்கினார். துண்டில் சுற்றித் தலையை மட்டும் வெளியே விட்டு, வழியெல்லாம் ஜன்னலில் வேடிக்கை காட்டிக்கொண்டு வந்தாராம்.

சேவல் என்றால் அது சேவல். கழுத்து பொன் நிறம், வால் பச்சையும் கறுப்புமாக மினுக்கும். "அப்பப்பா, ஏம் புஞ்சு!" என்று பின் வரிசைத் தெலுங்குக்காரம்மா வாயைப் பிளந்தாள். புஞ்சு என்றால் அவர்கள் பாஷையில் சேவல். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது.

எனக்குச் சேவலைப் பிடித்தது. கொண்டுவந்த ஆளைப் பிடிக்கவில்லை. காரணம் உண்டு. எங்கள் வீட்டுச் சட்டியிலிருந்து வருகிற முதல் களி உருண்டை, பெரிய உருண்டை, எப்போதும் என்னுடையது. சில மாதமாக அது அவர் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. இது ஒன்றும் என் பிரமை இல்லை. நான் இரண்டு உருண்டையையும் கையில் வைத்து எடை பார்த்திருக்கிறேன். அதனால் அவரிடம் பேசுவதில்லை என்று முடிவெடுத்து, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தேன்.

"இன்னா மேஸ்திரி, இன்னைக்கும் பேச மாட்டீங்களா?" என்பார் தினமும்.

நான் வானத்தைப் பார்ப்பேன்.

"சரி, நாளைக்கு வர்றன்" என்பார். மறுநாள் வருவார்.

வந்த அன்றைக்கே புஞ்சுவை அம்மியைச் சுற்ற வைத்தார்கள். எங்கள் ஜனங்களுக்கு அது பழக்கம். புதிதாக வாங்கிய கோழியோ சேவலோ, அம்மிக்கல்லை மூன்று சுற்று சுற்றிவிட்டால் வீட்டை விட்டுப் போகாது. அத்தை சேவலின் இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி அம்மியை வலம் வந்தாள்.

"ஒண்ணு... ரெண்டு... இந்த ஊட்டுக்குள்ள எவன் வந்தாலும் சுத்திட்டுத்தான் வரணும், சொல்லிட்டன்... மூணு" என்றாள்.

டிம்பர்காரர் வேலிக்கு வெளியே நின்று துண்டால் வாயை மூடிக்கொண்டார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் அப்போது ஒன்றும் இல்லை.

அப்புறம் பத்து நாள் புஞ்சுவுக்குப் பஞ்சார வாசம். கவிழ்த்த மூங்கில் கூடைக்குள் அது, வெளியே ஏழு கோழிகள். "எடுத்த எடுப்புல சேத்து வுட்டா கொத்திக் கொன்னுடும். மொதல்ல பாத்துக்கட்டும். ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாத்துப் பாத்துப் பழகட்டும்" என்றாள் அம்மா. கருப்பி கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இடுக்கு வழியாக ஒரு கொத்து, போய் ஒரு வாய் தண்ணீர், திரும்பி வந்து இன்னொரு கொத்து. அந்தப் பத்து நாளும் டிம்பர்காரர், மற்றவர்கள் தட்டைக் கழுவிவிட்டுப் போன பிறகும் அரை நாழிகை வேலிக்கு வெளியே நின்றார். சேவலைப் பார்க்கத்தான் நிற்கிறார் என்று நினைத்து நான் கூடையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெரிய குறை ஒன்று இருந்தது. புஞ்சு கூவவில்லை.

ஒரு நாள், இரண்டு நாள், பத்து நாள். வாயே திறக்கவில்லை. கிராமத்துச் சேவல் அல்லவா? விடியற்காலையில் தன் குரல் ஒன்றுதான் உலகம் என்று இருந்தது. இங்கே மில் சத்தத்தில் அதற்கு உயிரே ஒடுங்கிவிட்டது. கழுத்தை நீட்டும், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்கும், அப்படியே மடக்கிக்கொள்ளும். நான் அதன் எதிரில் நின்று எத்தனையோ தடவை கூவிக் காட்டினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு நிஜச் சேவல் எனக்குப் பதில் கூவியது. புஞ்சு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

பதினோராம் நாள் கூடையைத் தூக்கினார்கள். அந்த அவமானத்தை எப்படி எழுதுவது? அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு கொத்துக்குத் திருப்பி ஒரு கொத்து கொடுக்கவில்லை. கருப்பி துரத்திய துரத்தில் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் போய் வாலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு நின்றது. இரண்டு மணிச் சங்கு ஊதியது. எங்கள் கோழிகளுக்குச் சூரியன் முக்கியமில்லை, சங்குதான் முக்கியம். சங்கு ஊதினால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் சாப்பிட்டால் அம்மா களிச்சட்டியைச் சுரண்டிக் காந்தலை எறிவாள். ஏழும் றெக்கையை விரித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடின. புஞ்சு என்ன செய்தது தெரியுமா? சங்குக்குப் பயந்து கூரை மேல் ஏறிவிட்டது. அதை இறக்குவதற்குள் காந்தல் தீர்ந்துபோயிற்று.

சாப்பிட வந்த ஆட்கள் சிரித்தார்கள். "இன்னா டிம்பர்காரரே, சாவல்னு சொல்லி காக்காயப் புட்ச்சாந்துட்டியா?" என்றான் ஒருவன்.

"புதுசு தானே. சங்கு பழகணுமில்ல" என்றார் அவர். "நான் வந்த புதுசுல கீழ எறக்குற கேஜுல ஏறும்போது கண்ண மூடிக்குவன். நீ?"

கேட்டவன் குனிந்து களியைப் பார்த்தான்.

அன்றைக்குத்தான் தீர்ப்பு வந்தது. ஆடி மாதம். எட்டு நாளில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை. "கூழு நாள் வரிக்கும் பாப்போம். கூவாத, கோழிங்ககிட்ட சேராத சாவல வெச்சிகினு இன்னா பண்றது? சேரலனா ஆத்தாளுக்குப் பொங்க வெச்சிட வேண்டிதுதான்" என்றாள் அம்மா. எங்கள் அம்மா சொன்னால் சொன்னதுதான். குழம்பு மசாலா அரைக்கிற கையை நான் கற்பனையில் பார்த்துவிட்டேன்.

எட்டு நாள். நான் களத்தில் இறங்கினேன்.

முதல் நாள் எட்டுப் பேருக்கும் ஒரே வாசனை இருந்தால் அடையாளம் தெரியாது என்று அடுப்புச் சாம்பலை எடுத்து எல்லோர் மேலும் பூசினேன். ஏழு கோழியும் ஒரு சேவலும் ஒரு பையனும் சாம்பல் நிறமானோம். கருப்பிக்கு மட்டும் குழப்பமே இல்லை, நேராகப் போய்ப் புஞ்சுவைக் கொத்தினாள். அம்மா நேராக வந்து என்னை அடித்தாள். மறுநாள் புஞ்சுவின் முன்னால் கேழ்வரகைக் கொட்டி, மற்றவை அதைத் தேடி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தன. அதைத் துரத்திவிட்டுத் தின்றன. மூன்றாம் நாளிலிருந்து வாய்ப்பேச்சுதான் வழி என்று ஆயிற்று. கருப்பி எதிரில் குந்தினேன்.

"இத பாரு கருப்பி. புதுசா வந்தவங்கிட்ட இப்டியா நடந்துக்கறது? அவன் இன்னா பண்ணான் உன்ன? ஊர வுட்டு ஊரு வந்துக்கீறான். யாரையும் தெரியாது அவனுக்கு. நீ கொஞ்சம் தள்ளிக் குந்தினா அவனும் ஓரமா குந்திக்குவான். உன் பங்கு ஒண்ணும் கொறஞ்சிடாது."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டேய் டேய், இன்னொரு தடவ சொல்லு. பங்கு ஒண்ணும் கொறஞ்சிடாதுன்னு சொன்ன பாரு, அத சொல்லு. ஒரக்க சொல்லு, உங்கம்மாளுக்குக் கேக்கணும்."

இவ்வளவு பாராட்டு எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூடக் கிடைத்ததில்லை. எழுந்து நின்று, மில் சத்தத்துக்கு மேலே, முழுவதையும் மறுபடி முழங்கினேன். அம்மா உள்ளேயிருந்து வந்து அத்தையை ஒரு பார்வை பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்ப உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானமே டிம்பர்காரர் கழற்றி வைத்த செருப்பில் நான் கட்டெறும்பு பிடித்து விட்டேன். அவர் காலை உதறிக்கொண்டு ஆடினார். ஆடி முடித்து, செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வர்றன் மேஸ்திரி" என்றார். அத்தை மட்டும் என்னைப் பார்த்து, "கருப்பி" என்று கூப்பிட்டாள். கோழியைத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் திரும்பித் தேடினேன்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இன்னும் ஒரே நாள் இடையில். புஞ்சு பீப்பாய்க்குப் பின்னால்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைக் கூழுக்குக் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தாள். திரிகைக்குப் பக்கத்தில் முறத்தில் முழுக் கேழ்வரகு. களி தயாராகி மூடி வைத்திருந்தது. மணி ஒன்றரை இருக்கும்.

மில் நின்றது.

முதலில் எனக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. திடீரென்று திரிகைச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. கர கர என்று. ஒரு சுற்று, இரண்டு சுற்று, அதுவும் நின்றது. அம்மாவின் கை திரிகைப் பிடியிலேயே இருந்தது. ஈ பறக்கிற சத்தம் கேட்டது. நாலு வீடு தள்ளி ஒரு குழந்தை விக்கல் எடுப்பது கேட்டது. களிச்சட்டி மூடிக்குள் ஆவி உறுமுவது கேட்டது. எனக்கு அதுவரை தெரியாது, எங்கள் வீட்டில் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று.

அம்மா எழுந்தாள். கை முழங்கை வரைக்கும் மாவு. "ஊட்ல இரு" என்றாள். செருப்புப் போடவில்லை, முறத்தை மூடவில்லை, படல் கதவைச் சாத்தவில்லை. ஓடினாள். லைன் முழுக்கப் பெண்கள் ஓடினார்கள். அத்தை தலையை முடிந்தபடி ஓடினாள், அவள் புருஷன், என் மாமா, கீழே இருந்தார். மண்ணில் கால் விழுகிற சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

நான் வாசலில் நின்றேன். பயம் வந்ததா என்றால், வந்திருக்க வேண்டும். வருவதற்குள் பீப்பாய்க்குப் பின்னால் ஒரு அசைவு.

புஞ்சு வெளியே வந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டது. இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். உடம்பை உதறிச் சிலிர்த்தது, இரண்டு மடங்கு ஆனது. றெக்கையை மூன்று தடவை அடித்தது. கழுத்தை நீட்டிக் கூவியது.

கூவியது ஐயா! வானம் கிழிகிற மாதிரி. பத்து நாள் கூடையில் அடைத்து வைத்த கூவல், அதற்கப்புறம் அவமானத்தில் அடைத்து வைத்த கூவல், எல்லாம் ஒன்றாக. ஏழு கோழியும் தலையைத் தூக்கின. கருப்பி தூக்கிய கால் அப்படியே நின்றது.

அப்புறம் புஞ்சு ராஜநடை நடந்து திரிகையிடம் போனது. முறத்தில் கேழ்வரகு. நான் தடுக்கவில்லை. அது ஒரு வாய் எடுத்தது, கீழே போட்டது, மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது, "கொக் கொக் கொக்" என்று மெதுவாக அழைத்தது. தான் ஒரு மணியும் தின்னாமல் தள்ளி நின்றது. முதலில் செம்பட்டை வந்தாள், கூமுட்டை மேல் இருபத்தைந்து நாள் உட்கார்ந்தவள். அவள் தின்றாள். இன்னும் இரண்டு. அப்புறம் மூன்று. கருப்பி வரவில்லை. மண்ணைக் கிளறுகிற மாதிரி நடித்தாள். ஒரு அடி. ஒரு கிளறல். இன்னொரு அடி. கடைசியில், ஏதோ தற்செயலாக அந்த வழியாகப் போகிறவள் மாதிரி வந்து, புஞ்சுவின் அலகுக்குக் கீழே கிடந்த மணியைக் கொத்தினாள். புஞ்சு அசையவில்லை. அவள் இன்னொரு மணியைக் கொத்தினாள்.

இதற்கு மேல் "ஊட்ல இரு" என்றால் எப்படி இருப்பது? ஓடினேன்.

ஷாப்ட் வாசலில் பெண்கள் சுவர் மாதிரி நின்றார்கள். மேலே, கேஜை இழுக்கிற பெரிய சக்கரம் சும்மா நின்றது. நான் கால்களுக்கு இடையில் புகுந்து புகுந்து முன்னால் போனேன். அம்மா எல்லோருக்கும் முன்னால் நின்றாள். சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. கையிலிருந்த மாவு காய்ந்து வெடித்திருந்தது.

"அம்மா! கூவிச்சுமா!"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. புடவையைப் பிடித்து இழுத்தேன். "கருப்பி துன்னுச்சுமா! பக்கத்துல நின்னு துன்னுச்சு!" ஒன்றும் ஏறவில்லை. அத்தை என் மண்டையில் ஒரு குட்டு வைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அத்தை சக்கரத்தைப் பார்க்கவில்லை. மாமா கீழே இருக்கிறார், இவள் என்னடா என்றால் அம்மாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு ஆச்சரியம்.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. எப்போதும் போல.

சக்கரம் சுற்றியது. கேஜ் வந்தது. ஆட்கள் வெளியே வந்தார்கள், சேறும் வேர்வையுமாக, கையில் அணைந்த மெழுகுவர்த்தியோடு. கூட்டத்தைப் பார்த்து அவர்கள்தான் பயந்துபோனார்கள். மாமா வந்தார். "இன்னாடி, எவன் செத்தான்?" என்று அத்தையைக் கேட்டார். யாரும் சாகவில்லை. மில்லில் பெல்ட் அறுந்திருந்தது. அவ்வளவுதான்.

இரண்டாவது கேஜில் டிம்பர்காரர். தோளில் ரம்பம். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தவர், எதிரில் அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அம்மாவும் நின்றாள். இவர்கள் இப்படிச் சும்மா நிற்கிற நேரத்தில் முக்கியமான சமாசாரம் ஒன்று வீணாகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அத்தை கையை உதறிவிட்டு நடுவில் போய் நின்றேன்.

"யோவ்! உன் சாவல் கூவிச்சுயா!"

அத்தனை மாதத்தில் அவருடன் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். ஷாப்ட் வாசல் முழுக்கச் சிரித்தது. அவர் ரம்பத்தை இறக்கி வைத்துவிட்டு என் உயரத்துக்குக் குந்தினார்.

"நெசமாவா மேஸ்திரி? எத்தினி தடவ?"

"ஒரு தடவ. ஆனா பெருசு. கருப்பியும் வந்து துன்னுச்சு. நானே பாத்தன்."

"அப்ப சேத்துகிச்சின்னு சொல்லு."

"சேத்துகிச்சு."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். மாவுக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஒரு சேவல் கூவியதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. நாலு பேர் பார்க்கிறார்களே! "அழாதமா, இனிமே தெனமும் கூவும்" என்று தைரியம் சொன்னேன். அதற்கு அவள் இன்னும் அழுதாள்.

மில் மறுபடி ஓட ஆரம்பித்தபோது புஞ்சு திடுக்கிட்டது. ஆனால் மறுநாள் காலையில் இடிச் சத்தத்துக்கு மேலேயே கூவியது, கத்திப் பேசக் கற்றுக்கொண்ட எங்கள் ஊர்க்காரன் மாதிரி. கூழ் நாளுக்கு அத்தை வேறு சேவல் பார்த்தாள். அடுத்த அடையில் செம்பட்டை பன்னிரண்டுக்கு ஒன்பது குஞ்சு பொரித்தாள். ஆவணியில் டிம்பர்காரரும் அம்மாவும் மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். எங்கள் ஜனங்களில் அது உண்டு. வீட்டுக்கு வந்ததும் அத்தை அவரை வாசலில் நிறுத்தி, அம்மியைச் சுற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னாள். சுற்றினார். சரியாக மூன்று சுற்று. நான் எண்ணினேன்.

இவ்வளவையும் பார்த்தவன், எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தவன், ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. என்னைப் பெற்றவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து கீழே இறங்கியவர்கள் யாருமே இல்லை. அத்தை மாமாவுக்காக ஓடினாள், சரி. அம்மா யாருக்காக ஓடினாள்?

லீவுக்கு வந்திருக்கிறேன். அதே அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அம்மா படலுக்கு அருகில் நிற்கிறாள். மணி ஒன்றே முக்கால். அப்பா முதல் ஷிப்டில் கீழே இருக்கிறார்.